கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது, கசிவு எதுவும் தெரியவில்லை. ஹெட் கேஸ்கட்தானா?

யீஷூன்_வாணி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1.6 லிட்டர் ஜப்பானிய செடான், பெட்ரோல், ஆட்டோ கியர். வயது 13. சிஓஇ-யை (சிங்கப்பூரில் வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்று) ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்து ஓட்டுகிறோம், இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருக்கிறது. 190,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது.

கொஞ்ச நாளாக ரிசர்வ் டப்பாவில் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம், இறங்கிக்கொண்டே வருகிறது. மேல் கோடு வரை நிரப்பினால் சில வாரங்களில் கீழ்க் கோட்டுக்கு வந்துவிடுகிறது. எங்கள் வீட்டுப் புளோக்குக்குப் பக்கத்தில் இருக்கும் பலமாடி நிறுத்துமிடத்தில்தான் வண்டி நிற்கும். அடியில் அட்டை விரித்து வைத்தும் பார்த்தாயிற்று, ஒரு சொட்டு விழவில்லை.

போன மாதம் மலாக்காவிலிருந்து திரும்பும்போது நெடுஞ்சாலையில் ஒரு குறையும் இல்லை. ஜொகூர் பாருவில் கடற்பாலத்துக்கு முன்னால் வரிசையில் நின்றோம், அங்கேதான் வண்டியில் சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. கணவர் உடனே ஏசியை அணைத்து, ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்திவிட்டார். நன்றாக ஆறிய பிறகு கூலன்ட் ஊற்றிக்கொண்டு வீடு வந்தோம். அதற்குப் பிறகு விளக்கு எரியவில்லை.

முதலில் போன பட்டறையில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து காட்டினார்கள். உள்பக்கம் வெளிர் பழுப்பில் களிம்பு மாதிரி ஒட்டியிருந்தது. "ஹெட் கேஸ்கட் போய்விட்டது, இன்ஜினைத் திறக்க வேண்டும், 2,600 வெள்ளி" என்றார்கள். வேறு எதையும் சோதிக்கவில்லை. இன்னொரு பட்டறையில் ஒரு பாட்டில் ஸ்டாப் லீக் (ஓட்டையை அடைக்கும் மருந்து) ஊற்றினால் போதும், 80 வெள்ளி என்கிறார்கள். இரண்டுக்கும் இவ்வளவு தூரம் இருந்தால் யாரை நம்புவது?

அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது இந்த வண்டியில்தான். எனக்கு இரவு வேலையும் உண்டு. வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் பெரிதாக இருக்கிறது. காலையில் புகைக்குழாயில் கொஞ்சம் தண்ணீர் சொட்டும், லேசாக வெள்ளைப் புகை வரும், ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். இதுவும் அதோடு சேர்ந்ததா?


பொங்கோல்_ரவி எழுதியது:

வாணிக்கா, அவசரப்பட்டு இன்ஜினைத் திறக்கச் சொல்லாதீர்கள். எங்கள் அண்ணன் வண்டிக்கும் இதே கதைதான். கேஸ்கட்டை மாற்றிக் காசும் கட்டினார், இரண்டு வாரத்தில் மறுபடி சூடேறியது. கடைசியில் ரேடியேட்டரில் அடைப்பு. முதலில் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஸ்பேனர் அண்ணன் வந்தால் விவரமாகச் சொல்வார்.


சின்மிங்_ஸ்பேனர் எழுதியது:

வாணி, 2,600 வெள்ளிக்கு இன்னும் சரி சொல்லவில்லைதானே? நல்லது. நீங்கள் எழுதியதில் இன்ஜினைத் திறக்கும் அளவுக்கு ஒரு காரணமும் இல்லை. பட்டறைகள் நிறைந்த சின் மிங்கில் பல வருடம் இந்த வேலைதான் பார்த்தேன். திறக்கத் தேவையே இல்லாத இன்ஜினைத் திறந்து போட்டிருப்பதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த மூடிக் களிம்பை மட்டும் வைத்து யாரும் ஹெட் கேஸ்கட் என்று சொல்லக் கூடாது. பெட்ரோல் எரிந்தாலே நீராவி உண்டாகும். அதில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெய்ப் பக்கம் வரும். வண்டி அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் ஓடினால் எண்ணெய் சூடேறி அந்த ஈரம் ஆவியாகிவிடும். வீட்டிலிருந்து காத்திப், காத்திப்பிலிருந்து வீடு என்று சின்னச் சின்ன ஓட்டம் ஓடும் வண்டியில் அது போக வழியில்லை. இன்ஜினில் சூடு குறைவாக இருக்கும் இடம் அந்த மூடி, ஈரம் அங்கே போய்ப் படிந்து எண்ணெயோடு கலந்து களிம்பாகிவிடுகிறது. நீங்கள் பார்க்க வேண்டியது டிப்ஸ்டிக், எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பி. உருவி, வெள்ளை டிஷ்யூவில் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் தெளிவாக, பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் கூலன்ட் அதில் கலக்கவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். தே தாரிக் மாதிரி பால் தேநீர் நிறத்துக்கு மாறி, மட்டமும் ஏறியிருந்தால் விஷயம் வேறு, அதற்குப் பிறகு இன்ஜினைக் கிளப்பவே கூடாது. கூலன்ட் கலந்த எண்ணெய் பேரிங்கைத் தின்றுவிடும்.

கேஸ்கட் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பட்டறையில் யார் எதைச் சொன்னாலும் உங்களுக்கே பிடிபடும். கீழே பிளாக், மேலே சிலிண்டர் ஹெட், நடுவில் அந்தத் தகடு. பழைய காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த அட்டை, அப்புறம் கிராஃபைட். இப்போது பெரும்பாலும் மெல்லிய ஸ்டீல் தகடுகளை அடுக்கி, மேலே ரப்பர் பூச்சு கொடுத்து வருகிறது. சிலிண்டருக்குள் எரிவதை, சுற்றி ஓடும் கூலன்டை, ஏறி இறங்கும் எண்ணெயை ஒன்றோடொன்று சேரவிடாமல் பிரித்து வைப்பது அந்தத் தகடுதான். பெட்ரோல் எரியும் நேரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் 50 பாருக்கு மேல் போகும். கூலன்ட் பக்கம் ஏறக்குறைய 1 பார். இரண்டு சிலிண்டருக்கு நடுவே அந்தத் தகட்டின் அகலம் சில மில்லிமீட்டர்தான். அவ்வளவு ஒடுங்கிய இடத்தில் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்குவதற்குக் காரணம், ஹெட் போல்ட்டுகள் அதைச் சீராக அமுக்கிப் பிடித்திருப்பது.

சூடு அதிகமானால் கெடுவது அந்தப் பிடிதான். ஹெட் அலுமினியம். வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். போல்ட்டுகள் விடாமல் பிடித்திருப்பதால் அளவுக்கு மீறிச் சூடேறிய ஹெட் விரிய இடமில்லாமல் வளைந்துவிடும். ஆறிய பிறகும் அந்த வளைவு நிற்கும். அமுக்கம் குறைந்த இடத்தில் கேஸ்கட் விடும். நல்லபடியாகப் பொருத்தின கேஸ்கட் தானாகப் போவது அபூர்வம். கூலன்ட் தீர்ந்தது, ஃபேன் நின்றது, தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலன்ட் வழியைத் திறந்து மூடும் வால்வு) சிக்கியது, வருடக்கணக்கில் வெறும் தண்ணீர் ஊற்றி உள்ளே அரித்தது, இப்படி ஏதோ ஒன்று அதற்கு முன்னால் நடந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் ரவியின் அண்ணனுக்கு நடந்ததுதான் நடக்கும்.

எந்தப் பக்கம் விட்டது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டுக்குள் நுழைந்தால், காலையில் ஆறிய வண்டியைக் கிளப்பி ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகும். ரிசர்வ் டப்பாவில் குமிழ் விடாமல் வரும், கூலன்டை வெளியே தள்ளும். கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கினால் காலையில் கிளப்பும்போது ஒரு சிலிண்டர் தடுமாறும், இன்ஜின் உதறும், அப்புறம் வெள்ளைப் புகை. குளிர் நாட்டில் புகை எல்லா வண்டியிலும் தெரியும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நம் ஊர் வெயிலில் இன்ஜின் முழுக்கச் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், இனிப்பான வாடையோடு வந்தால் அது கூலன்ட் எரிகிற புகை. உங்களுடையது ஒரு நிமிடத்தில் நின்றுவிடுகிறது, சொட்டும் தண்ணீரும் எரிந்ததில் வந்த ஈரம்தான். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இரண்டு சிலிண்டருக்கு நடுவில் மட்டும் விட்டால் கூலன்ட் குறையவே குறையாது, வண்டி இழுக்காமல் உதறும், அவ்வளவுதான்.

நீங்கள் எழுதியதிலேயே முக்கியமான தடயம் ஒன்று இருக்கிறது. நெடுஞ்சாலையில் சரியாக இருந்தது, வரிசையில் நின்றபோது சூடேறியது. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைக்கும். நிற்கும்போது ஃபேன் ஒன்றுதான் துணை, ஏசி வேறு கூடுதல் சூட்டைக் கொண்டுவந்து கொட்டும். அதனால் என் சந்தேகம் முதலில் ஃபேன் மேல்தான். எரிந்த வாயு கூலன்டில் கலக்கும்படி கேஸ்கட் விட்டிருந்தால் இன்ஜினுக்குச் சுமை கூடும் நெடுஞ்சாலையிலேயே, மேட்டிலேயே வேலையைக் காட்டியிருக்கும். வண்டியை நான் பார்க்கவில்லை, அதனால் சோதித்த பிறகுதான் முடிவு.

தரையில் சொட்டு இல்லை என்பதால் கசிவு இல்லை என்று ஆகாது. சூடான பாகத்தின் மேல் விழும் கூலன்ட் அங்கேயே காய்ந்துவிடும், பொடி மாதிரி தடம் மட்டும் நிற்கும். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் ஓரம், வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்னத் துளை, ஹோஸ் கிளிப், இந்த இடங்களில் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இளஞ்சிவப்போ பச்சையோ வெள்ளையோ பொருக்குத் தட்டியிருக்கும்.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும் என்றால், முதலில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் வாயில் கைப்பம்பு மாட்டி, ரேடியேட்டர் மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் வரை ஏற்றி, கால் மணி நேரம் விடச் சொல்லுங்கள். ஜப்பானிய வண்டிகளில் அது பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 பார். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. மூடியையும் தனியாகச் சோதிக்க வேண்டும். மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் கூலன்ட் சீக்கிரம் கொதித்து ஆவியாகப் போகும், மாற்ற ஆகும் செலவு கொஞ்சம்தான். அப்புறம் ஏசியைப் போட்டு ஃபேன் சுற்றுகிறதா, இரண்டு ஃபேன் இருந்தால் இரண்டுமே சுற்றுகின்றனவா என்று பார்க்கட்டும்.

அடுத்தது கெமிக்கல் சோதனை, பிளாக் டெஸ்ட் என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவம், மேலே ரப்பர் குமிழ். இன்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைக் கழற்றி, கூலன்டைக் கொஞ்சம் இறக்கி, குழாயை வாயில் வைத்துவிட்டு இன்ஜினைக் கிளப்பிச் சூடேற விட வேண்டும். அப்புறம் குமிழை அமுக்கி அமுக்கி அங்கிருக்கும் காற்றைத் திரவத்தின் வழியே இழுப்பார்கள். எரிந்த வாயுவில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது, அது கூலன்டில் கலந்திருந்தால் நீலம் பச்சையாகி மஞ்சளுக்குப் போகும். பக்கத்தில் நின்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். கூலன்டே குழாய்க்குள் ஏறிவிட்டால் அந்தச் சோதனை செல்லாது, புதுத் திரவம் ஊற்றி மறுபடி செய்ய வேண்டும். நீலம் நீலமாகவே நின்றாலும் சந்தேகம் போகவில்லை என்றால் ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தத்தைப் பிடிக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன், லீக் டவுன் சோதனைகள் இருக்கின்றன. இத்தனையும் முடிந்து, கேஸ்கட்தான் என்று தெரிந்தால்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

பயப்படுகிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மறுபடி சிவப்பு விளக்கு வந்தால் ஏசியை அணைத்து, வண்டியில் ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் முழு வேகத்தில் வைத்துவிட்டு, ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, முகத்தில் அடிக்கும். இங்கே விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஈமாஸ் இழுவை வண்டி பக்கத்து நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துப் போகும். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டிவிடாதீர்கள். ஹெட் வளைவது அந்த ரெண்டு கிலோமீட்டரில்தான்.


ஜூரோங்_மணி எழுதியது:

ஸ்பேனர் அண்ணன் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஸ்டாப் லீக்கை அப்படியே ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து. என் பழைய வேனில் கேஸ்கட் போனதென்று சோதித்தே தெரிந்தது. சிஓஇ முடியச் சில மாதம்தான் இருந்தது. ஒரு பாட்டில் ஊற்றினேன், ஸ்கிராப்புக்குக் கொடுக்கும் நாள் வரை ஓடியது. 2,600 எங்கே, 80 எங்கே.


சின்மிங்_ஸ்பேனர் எழுதியது:

மணி, சில மாதத்தில் ஸ்கிராப்புக்குப் போகும் வண்டிக்கு நீங்கள் செய்தது கணக்குப்படி சரிதான், நானே அப்படிச் சொல்லியிருப்பேன். வாணிக்கு இரண்டு வருடம் இருக்கிறது. அந்தப் பாட்டில்களில் பலவற்றில் இருப்பது சோடியம் சிலிக்கேட். சூடான ஓட்டையில் பட்டதும் இறுகி அடைக்கும். அது ஓட்டையை மட்டும் தேடிப் போவதில்லை. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் ஹீட்டர் குழாயிலும் படிந்து அடைத்தால், ஏற்கெனவே சூடேறும் வண்டி இன்னும் சூடேறும். அதிலும் இவருடைய வண்டியில் என்ன கெட்டிருக்கிறது என்றே இன்னும் தெரியாது. ஃபேன் நின்றிருந்தால் எந்தப் பாட்டில் அதைச் சுற்றவைக்கும்? சோதிக்காமல் 2,600 கேட்டதும் சோதிக்காமல் 80 கேட்டதும் எனக்கு ஒன்றுதான்.


தெம்பனிஸ்_குமரன் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் அண்ணே. என் வண்டிக்குப் போன வாரம்தான் நீங்கள் சொன்ன அந்த நீலத் திரவச் சோதனை செய்தார்கள், கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகிவிட்டது. கம்ப்ரஷனும் பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரில் குறைவு. வண்டிக்கு வயது 8, அதனால் சரி செய்துவிடலாம் என்றுதான் முடிவு. வேலை நல்லபடியாக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள என்னென்ன கேட்க வேண்டும்? பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாற்றிவிடலாம் என்றும் ஒருவர் சொல்கிறார்.


சின்மிங்_ஸ்பேனர் எழுதியது:

குமரன், இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது, உங்களுடையது கேஸ்கட்தான். இன்ஜினை மாற்றுவதென்றால் ஆணையத்தின் அனுமதி வேண்டும், வருகிற இன்ஜின் எப்படி ஓடியது என்றும் தெரியாது. பேரிங்கும் பிஸ்டனும் நன்றாக இருக்கும் உங்கள் இன்ஜினைச் சரி செய்வதுதான் எனக்குப் பிடித்த வழி.

ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு போல்ட்டைத் தளர்த்தினால் நேராக இருக்கும் ஹெட்டும் வளையும். வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். கழற்றிய கேஸ்கட்டைத் தூக்கி எறிய விடாதீர்கள், கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கு நடுவே கறுத்து, பூச்சு உரிந்து தடம் தெரியும். ஏதாவது ஒரு சிலிண்டரின் பிஸ்டன் மட்டும் கரியில்லாமல் கழுவிவிட்டது போல் பளிச்சென்று இருந்தால், கூலன்ட் அங்கே இறங்கியிருக்கிறது.

ஹெட்டை மெஷின் ஷாப்புக்கு அனுப்பியே ஆக வேண்டும். அங்கே அழுத்தம் ஏற்றி வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், வால்வு இருக்கைகளுக்கு நடுவில்தான் பெரும்பாலும் வெடிக்கும். அப்புறம் மட்டம். எஃகு மட்டக்கோலை நீளவாட்டிலும் இரண்டு மூலைவிட்டத்திலும் வைத்து, அடியில் இடைவெளி அளக்கும் மெல்லிய ஃபீலர் தகட்டை நுழைத்துப் பார்ப்பார்கள். பல ஜப்பானிய இன்ஜின்களுக்கு எல்லை 0.05 மில்லிமீட்டர், தலைமுடியை விட மெல்லியது. அந்தத் தகடு எங்கேயாவது வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் சீவ வேண்டும். அதையும் தேவையான அளவு மட்டும்தான் சீவ வேண்டும், ஹெட்டின் உயரத்துக்குக் கீழெல்லை உண்டு. நீங்கள் அளவைக் கேளுங்கள். "லேசா சீவியாச்சு" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

பெரும்பாலானவர்கள் மறக்கும் இடம் பிளாக். ஹெட்டைச் சீவிக் கொண்டுவந்து, அடியில் இருக்கும் பிளாக்கின் முகத்தை அளக்காமலே உட்கார வைத்துவிடுவார்கள். அதையும் அதே மட்டக்கோலால் பார்க்க வேண்டும். பழைய கேஸ்கட் பசையை எடுக்கக் காற்று டிரில்லில் சொரசொரப்பான வட்டைப் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். அலுமினியத்தில் பள்ளம் விழும், உதிரும் தூள் எண்ணெயில் கலந்து பேரிங்கைக் கெடுக்கும். பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் போதும். ஸ்டீல் தகடு கேஸ்கட்டுக்கு வழுவழுப்பான முகம் வேண்டும். வண்டியின் பழுதுபார்ப்புப் புத்தகம் சொல்லாத இடத்தில் அதன் மேல் சிலிக்கான் பசை தடவவும் கூடாது.

போல்ட் துளைகளுக்குள் எண்ணெயோ கூலன்டோ தேங்கி நிற்கும். காற்றடித்துக் காய வைக்காமல் போல்ட்டை இறுக்கினால் அந்தத் திரவத்துக்குப் போக இடம் இல்லை, பிளாக்கையே பிளந்துவிடும். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், சின்ன வேலை, யாரும் பில்லில் போடுவதில்லை, அதனாலேயே விட்டுவிடுகிறார்கள்.

போல்ட்டுகள் புதிதாக இருக்கட்டும். இப்போதைய ஹெட் போல்ட்டுகளில் பலவும் இறுக்கும்போதே இழுபட்டு நீளும்படி செய்தவை. சில இன்ஜின்களில் அளந்து பார்த்துத் திரும்பப் போடலாம் என்று புத்தகத்தில் இருக்கும், இவ்வளவு வேலைக்கு நடுவில் அந்தக் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம். இறுக்குவது நடுவிலிருந்து வெளிப்பக்கம், படிப்படியாக. முதலில் டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) ஒரு அளவு, அப்புறம் கோணம். 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி என்று புத்தகத்தில் இருந்தால் அப்படியே செய்ய வேண்டும். கை நிதானத்தில் இறுக்குபவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் இந்த இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை.

வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்டுக்குள் இருக்கும் வண்டி என்றால் பெல்ட்டையும் பம்பையும் இப்போதே மாற்றிவிடுங்கள். தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி இரண்டும் புதிது. "இந்த ஊர் சூட்டுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு, எடுத்துவிடலாம்" என்பார்கள், சம்மதிக்காதீர்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், எண்ணெயில் ஈரம் சேரும். கடைசியில் கூலன்ட் ஊற்றிக் காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும். உள்ளே காற்றுக் குமிழ் தங்கினால் புதுக் கேஸ்கட்டையும் அது சூட்டில் தள்ளும். எண்ணெயும் ஃபில்டரும் மாற்றிக் கொடுப்பார்கள். கூலன்ட் எண்ணெயில் கலந்திருந்தால் சில நூறு கிலோமீட்டரில் இன்னொரு முறை மாற்றுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி ஒன்று இருக்கிறது, ஏன் சூடேறியது? அதற்குப் பதில் சொல்ல முடியாத பட்டறையில் ஹெட்டைக் கழற்றக் கொடுக்க வேண்டாம்.


யீஷூன்_வாணி எழுதியது:

அண்ணே, நேற்றுக் காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் நீங்கள் எழுதியதை அப்படியே சொல்லிக் கேட்டேன். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் தெளிவாக இருந்தது. பம்பு மாட்டி 1 பாருக்கு மேல் ஏற்றினார்கள், முள் மெதுவாக இறங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால் ரேடியேட்டரின் மேல் தொட்டி ஓரத்தில், ஃபேன் பக்கம் திரும்பிய இடத்தில், இளஞ்சிவப்பாகப் பொடி ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்துக் காட்டினார், அடியில் மயிரிழை மாதிரி வெடிப்பு. இரண்டு ஃபேனில் ஒன்று சுற்றவே இல்லை, மோட்டார் போய்விட்டது. நீலத் திரவம் கடைசி வரை நீலமாகவே நின்றது, நானும் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

ரேடியேட்டர், ஃபேன் மோட்டார், மூடி, தெர்மோஸ்டாட், புதுக் கூலன்ட் எல்லாம் சேர்த்து 620 வெள்ளி. மனசு லேசாகிவிட்டது. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. அன்றைக்குச் சூடேறியதில் ஹெட்டுக்கு ஏதாவது ஆகியிருக்குமா? இனிமேல் எதைக் கவனிக்க வேண்டும்? மிச்சக் கூலன்ட் பாட்டிலில் பாதி இருக்கிறது, கூடத் தண்ணீர் கலந்து ஊற்றலாமா?


சின்மிங்_ஸ்பேனர் எழுதியது:

படித்ததும் ரொம்ப சந்தோஷமாக இருந்தது வாணி. உங்கள் கணவர் அங்கேயே நிறுத்தியது இன்ஜினைக் காப்பாற்றியிருக்கிறது.

ஹெட் தப்பித்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் சில வாரம் பாருங்கள். சின்னக் கசிவு சில நேரம் முதல் சோதனையில் அகப்படாது. காலையில் கிளப்பும் முன் டப்பா மட்டத்தைப் பாருங்கள், இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்த்தால்தான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம். புது ரேடியேட்டர் போட்ட முதல் வாரம் உள்ளே மிச்சமிருந்த காற்று வெளியேறிக் கொஞ்சம் இறங்கலாம், ஒருமுறை நிரப்பினால் அதோடு நிற்க வேண்டும். அதற்கு மேலும் இறங்கினாலோ, கிளப்பிய உடனே மேல் ஹோஸ் இறுகினாலோ நீலத் திரவச் சோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சின்னக் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், போனிலேயே கூலன்ட் சூடு எண்ணாகத் தெரியும். வண்டியில் இருக்கும் முள்ளும் விளக்கும் ரொம்பத் தாமதமாகத்தான் சொல்லும். பல வண்டிகளில் சூடு ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள். சாதாரணமாக 85 முதல் 98 டிகிரி வரை இருக்கும், வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். வரிசையில் நிற்கும்போது 105-ஐத் தாண்டினால் விளக்குக்குக் காத்திருக்க வேண்டாம், நிறுத்திவிடுங்கள். கூலன்ட் முழுக்கக் கொட்டிப்போனால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், அப்போது இன்ஜின் வெந்துகொண்டிருந்தாலும் எண் குறைவாகக் காட்டலாம். அதனால் எண்ணைப் பார்ப்பது டப்பா மட்டத்தைப் பார்ப்பதற்குப் பதில் ஆகாது.

பாட்டில் ஏற்கெனவே கலந்து வந்ததா என்று அதன் மேல் பாருங்கள். கலந்தது என்றால் அப்படியே ஊற்ற வேண்டும், மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. அடர் கூலன்ட் என்றால் சரிபாதி வடிநீரோடு. இங்கே தண்ணீர் உறையாது, வெறும் தண்ணீரே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கூலன்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்துதான் அலுமினியத்தையும் வாட்டர் பம்பையும் காப்பாற்றுகிறது, கொதிநிலையும் தண்ணீரை விட அதிகம். நிறம் ஒத்திருக்கிறது என்று வேறு பிராண்டைக் கலக்க வேண்டாம். நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது, உங்கள் வண்டிப் புத்தகம் எந்த வகை சொல்கிறதோ அதே வகை. மாற்ற வேண்டிய காலமும் அதில் இருக்கும்.

மிச்சப் பாட்டிலை மூடி இறுக்கி, எட்டாத உயரத்தில் வையுங்கள். கீழே சிந்தினால் நிறையத் தண்ணீர் விட்டுத் துடைத்துவிடுங்கள். அது இனிக்கும், ஆனால் நஞ்சு, நிறுத்துமிடத்தில் படுத்திருக்கும் பூனைகள் நக்கிவிடும். பழைய கூலன்டைச் சாக்கடையில் கொட்டாமல் பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள்.